ஓடாத நாளும் பயிற்சிதான்

அந்தமானின் புழுக்கத்தில் பதக்கக் கனவோடும் வேலைக் கனவோடும் ஓடுகிறார்கள் சிறுவர் சிறுமியர். அவர்களும் அவர்களைப் பழக்குபவர்களும் எளிதில் ஏற்காத பாடம் ஒன்று உண்டு: ஓய்வு.

ஜூன் மாதத்தில் போர்ட் பிளேர் சூரியனுக்கு அவசரம் அதிகம். கடிகாரத்தில் ஐந்து அடிக்கும் முன்பே கடலுக்கு மேலே வந்து நின்றுவிடுகிறது. இந்திய நேரத்தை நிர்ணயிக்கும் தீர்க்கரேகைக்குப் பத்து டிகிரி கிழக்கே கிடக்கும் ஊர் என்பதால் வந்த வினை இது. டிசம்பரிலோ மாலை 5 மணிக்கெல்லாம் இருட்டத் தொடங்கிவிடுகிறது. 2024 செப்டம்பரில் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றப்பட்ட இந்தத் தலைநகரில், ஓட ஆசைப்படும் பள்ளிப் பிள்ளைகளுக்கு விடியற்காலையை விட்டால் நல்ல வேளை கிடையாது. மாலையில் வெயில் தணியட்டும் என்று காத்திருந்தால் வெளிச்சமும் சேர்ந்து போய்விடும்.

ஊரும் ஓட்டக்காரர்களுக்கு இரக்கம் காட்டுவதில்லை. எங்கே திரும்பினாலும் மேடு பள்ளம். மெரினா பூங்காவை ஒட்டிய கடற்கரைச் சாலையிலும் கார்பின்ஸ் கோவ் நோக்கிப் போகும் பாதையிலும்தான் ஓரளவு சமமாக ஓட முடியும். செல்லுலார் சிறை நிற்கும் மேட்டுக்கு ஓடி ஏறினால் வளர்ந்தவர்களுக்கே நெஞ்சு அடைக்கும்.

இப்படி வியர்வை சொட்ட, மூச்சு வாங்க ஓடும் பிள்ளையை எல்லோரும் மெச்சுகிறார்கள். நேற்று கடுமையாக ஓடியதால் இன்று பேசிக்கொண்டே மெதுவாக ஓடும் பிள்ளையையோ, ஓடாமல் வீட்டில் இருக்கும் பிள்ளையையோ யாரும் மெச்சுவதில்லை. சோம்பேறி என்ற பட்டம் தயாராக இருக்கிறது. ஆனால் தொலைதூர ஓட்டத்தின் வரலாறும் உடற்கூறு அறிவியலும் வேறு கதை சொல்கின்றன. உடம்பு வலுப்பெறுவது ஓடும்போது அல்ல. ஓடி முடித்த பிறகு கிடைக்கும் இடைவெளியில்தான்.

கனவின் சுமை

இந்தத் தீவுகளில் விளையாட்டு வெறும் பொழுதுபோக்கு அல்ல. 2004 டிசம்பர் 26-ஆம் தேதி சுனாமி கார் நிகோபாரைப் புரட்டிப் போட்டபோது டெபோரா ஹெரால்டுக்கு ஒன்பது வயது. நாள்கணக்கில் ஒரு மரத்தில் தொற்றிக்கொண்டு உயிர் பிழைத்த அந்தச் சிறுமி, பின்னாளில் சைக்கிள் பந்தய வீராங்கனையாகி சர்வதேசப் பதக்கங்கள் வென்றார். 2018-இல் ஸ்விட்சர்லாந்தின் எய்கிள் நகரில் நடந்த ஜூனியர் உலக சைக்கிள் பந்தயத்தில் இதே தீவுகளைச் சேர்ந்த இசோ ஆல்பன் வெள்ளிப் பதக்கம் பெற்றார். உலகப் போட்டி எதிலும் அதுவரை எந்த இந்திய சைக்கிள் வீரருக்கும் கிடைக்காத பதக்கம் அது. அடுத்த ஆண்டு ஜெர்மனியில், மணிப்பூரின் ரொனால்டோ சிங், ரோஜித் சிங் ஆகியோருடன் சேர்ந்து அணிப் பந்தயத்தில் தங்கமே வாங்கிவிட்டார்.

இந்தச் செய்திகள் ஒவ்வொரு வீட்டுக்கும் போய்ச் சேர்ந்திருக்கின்றன. போர்ட் பிளேரில் இந்திய விளையாட்டு ஆணையத்தின் பயிற்சி மையம் இருக்கிறது. அதில் ஓர் இடம் கிடைத்தால் தங்குமிடமும் சாப்பாடும் கிடைக்கும். பிறகு ஒரு வேலையும் கிடைக்கலாம் என்ற எதிர்பார்ப்பு பெற்றோருக்கு உண்டு. பதக்கத்தை விடுங்கள், போலீஸிலோ ராணுவத்திலோ சேர வேண்டும் என்றாலும் ஓட்டத் தேர்வில் தேற வேண்டும். தீவில் வேலை வாய்ப்புகள் விரல்விட்டு எண்ணக் கூடியவை என்பதால் ஓடும் கால்களின் மேல் ஒரு குடும்பத்தின் எதிர்காலமே ஏறி உட்கார்ந்துகொள்கிறது. விளைவு, தேர்வுக்கு இரண்டு மாதம் இருக்கும்போது தொடங்கி, தினமும் முழு வேகத்தில் ஓடித் தீர்ப்பது.

அணி சைக்கிள் பந்தயத்தில் சொல்லப்படாத ஒரு விஷயம் இருக்கிறது. மூன்று பேர், 250 மீட்டர் தடத்தில் மூன்று சுற்று, அவ்வளவுதான். முழுப் பந்தயமும் ஒரு நிமிடத்துக்குள் முடிந்துவிடும். அந்த ஒரு நிமிடத்துக்குக் கால்களில் வெடிக்கும் வேகம் வேண்டும் என்றால், பயிற்சியில் ஒவ்வொரு பாய்ச்சலுக்கும் நடுவே பல நிமிட ஓய்வு வேண்டும். களைத்த காலோடு நாற்பது முறை மிதித்தால் களைத்த காலோடு மிதிக்கத்தான் பழகும். ஓட்டத்துக்கும் இதே விதிதான்.

உள்ளே நடப்பது

கடுமையான ஓட்டம் என்பது உண்மையில் உடம்புக்கு ஏற்படும் ஒரு சேதம். தசை இழைகளில் கண்ணுக்குத் தெரியாத கிழிசல்கள் விழுகின்றன. தசைக்குள் சேமித்து வைத்திருக்கும் கிளைகோஜன் என்ற எரிபொருள் தீர்ந்துபோகிறது. அது மீண்டும் நிரம்ப, நன்றாகச் சாப்பிட்டாலும் 24 முதல் 48 மணி நேரம் ஆகலாம். பழக்கமில்லாத கடும் ஓட்டத்துக்குப் பிறகு கால் வலி உச்சத்தை எட்டுவது அன்றைக்கு அல்ல, ஒன்று முதல் மூன்று நாட்களுக்குள். சேதத்தைச் சரி செய்யும்போது உடம்பு ஒரு முன்ஜாக்கிரதையும் எடுத்துக்கொள்கிறது. அடுத்த முறை இதே அடி விழுந்தால் தாங்க வேண்டுமே என்று பழையதைவிடச் சற்றே உறுதியாகக் கட்டுகிறது. பயிற்சியின் பலன் என்பது இந்தச் ‘சற்றே’தான். வியன்னாவில் பிறந்து கனடாவில் ஆராய்ச்சி செய்த ஹான்ஸ் செல்யே 1936 முதல் விளக்கி வந்த அழுத்தக் கோட்பாட்டின் சாரமும் இதுவே. அளவான அழுத்தத்துக்கு உடல் தன்னைப் பழக்கிக்கொள்ளும். ஓயாத அழுத்தத்தில் நொறுங்கிவிடும்.

கொத்தனார் சுவர் எழுப்பிவிட்டு மறுநாளே அதன் மேல் பாரம் ஏற்றுவதில்லை. தண்ணீர் ஊற்றி, ஆறவிட்டு, இறுகவிடுகிறார். வளரும் பிள்ளையின் எலும்பு இதைவிட நிதானமானது. தேய்ந்த இடத்தை உடம்பு முதலில் கரைத்து அகற்றுகிறது. பிறகுதான் புதிய எலும்பைக் கட்டுகிறது. அகற்றும் வேலைக்கு வாரங்கள், கட்டும் வேலைக்கு மாதங்கள். இடையில் எலும்பு முன்பைவிடப் பலவீனமாக இருக்கும் ஒரு காலம் உண்டு. அந்தக் காலத்தில் தினமும் அதே இடத்தில் இடி விழுந்தால் மயிரிழை விரிசல் வருகிறது. இது புதிய நோய் அல்ல. நெடுந்தூரம் அணிவகுத்து நடந்த பிரஷ்யப் படைவீரர்களின் பாதங்கள் வீங்கி வலிப்பதை ஒரு ராணுவ மருத்துவர் 1855-இலேயே பதிவு செய்தார். அது எலும்பு விரிசல் என்பது எக்ஸ்ரே வந்த பிறகுதான் தெரிந்தது.

சிறுவர்களிடம் பயிற்சியாளர்கள் ஏமாந்துபோக ஒரு காரணம் இருக்கிறது. பெரியவர்களைவிட அவர்களுக்குச் சீக்கிரம் மூச்சு திரும்பிவிடுகிறது. முழு வேகத்தில் 200 மீட்டர் ஓடிய பத்து வயதுப் பையன் ஐந்து நிமிடத்தில் பந்து விளையாடிக்கொண்டிருப்பான். இன்னும் தெம்பு இருக்கிறது என்று தோன்றும். மூச்சுக்குத் தெம்பு வந்துவிட்டது உண்மைதான். எலும்புக்கும் தசைநாணுக்கும் வந்துவிட்டதா என்பதை அவன் விளையாட்டைப் பார்த்துச் சொல்ல முடியாது.

அந்தமான் இன்னொரு சிக்கலைச் சேர்க்கிறது. ஆண்டுக்குச் சுமார் 3,000 மில்லிமீட்டர் மழை. மே மாதம் தொடங்கினால் டிசம்பர் வரை ஈரம். வெப்பநிலை 31 டிகிரியைப் பெரும்பாலும் தாண்டாது என்பது கேட்க இதமாக இருக்கும். ஆனால் காற்றில் ஈரம் நிறைந்திருக்கும்போது வியர்வை காய்வதில்லை. உடம்பைக் குளிர வைப்பது வழியும் வியர்வை அல்ல, காயும் வியர்வை. அது காயாதபோது தோலுக்கு ரத்தத்தை அனுப்பிச் சூட்டை வெளியேற்ற இதயம் கூடுதலாகத் துடிக்கிறது. குளிர்ந்த ஊரில் எளிய ஓட்டமாக இருக்கும் அதே வேகம் இங்கே கடும் ஓட்டமாகிவிடுகிறது. வெளியூர்ப் புத்தகத்தில் போட்டிருக்கும் நேரத்தைப் பார்த்துப் பயிற்சி தரும் ஆசிரியர், தெரியாமலேயே பிள்ளைகளுக்கு எல்லா நாளையும் கடின நாளாக்கிவிடலாம்.

கழுத்தைப் பிடித்த பயிற்சியாளர்

ஒரு நாள் கடினம், மறுநாள் எளிது என்ற முறையை உலகறியச் செய்தவர்களில் முதன்மையானவர் அமெரிக்காவின் ஒரிகன் பல்கலைக்கழகப் பயிற்சியாளர் பில் பவர்மன். பிற்காலத்தில் நைக்கி நிறுவனத்தின் இணை நிறுவனர் என்று பெயர் பெற்ற அதே பவர்மன். எல்லோரும் மைல் கணக்கைக் கூட்டிக்கொண்டிருந்த காலத்தில், தன் மாணவர்களில் சிலர் கடும் பயிற்சிக்கு மறுநாள் தளர்ந்து போவதையும், ஒரு நாள் விட்டுப் பிடித்தால் மேலே வருவதையும் அவர் கவனித்தார்.

அவரது மாணவர் கென்னி மூர் இதை நம்பவில்லை. எளிய நாளிலும் திருட்டுத்தனமாகக் கூடுதலாக ஓடுவார். அடிக்கடி நோயிலும் காயத்திலும் விழுவார். ஒரு நாள் பவர்மன் அவர் கழுத்தைப் பிடித்து நிபந்தனை போட்டார். மூன்று வாரம், தினமும் மூன்று மைல் மெதுவோட்டம். அதற்கு மேல் ஓர் அடி ஓடினாலும் அணியில் இடமில்லை. மூர் வேண்டாவெறுப்பாகக் கட்டுப்பட்டார். மூன்று வாரம் கழித்து இரண்டு மைல் பந்தயத்தில் தன் பழைய நேரத்தை 20 விநாடிகளுக்கும் மேல் குறைத்து ஓடினார். 1972-இல் மியூனிக் ஒலிம்பிக் மாரத்தானில் நான்காவதாக வந்தவர் இவர்தான். தன் ஆசானின் வாழ்க்கையைப் பிற்பாடு புத்தகமாக எழுதியவரும் இவரே.

இன்றைய கென்யர்களும் இதற்கு விலக்கல்ல. மாரத்தானில் இரண்டு முறை ஒலிம்பிக் தங்கம் வென்ற எலியுட் கிப்சோகேயின் வாரத்தில் கடினமான பயிற்சி பெரும்பாலும் செவ்வாய், வியாழன், சனி ஆகிய மூன்று நாட்களில்தான். மற்ற நாட்களில் அவரது குழு ஓடும் ஓட்டத்தின் தொடக்கத்தைப் பார்த்தால் உள்ளூர்ப் பள்ளி மாணவன்கூட அவர்களை முந்திவிடலாம் என்று தோன்றும். உலகின் தலைசிறந்த தொலைதூர வீரர்களின் பயிற்சிகளில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு எளிதானவை என்பதை நார்வேயில் பணியாற்றும் ஆராய்ச்சியாளர் ஸ்டீபன் சைலர் எடுத்துக்காட்டியிருக்கிறார்.

கப்பலில் மூன்று நாள்

தீவுப் பிள்ளைகளுக்கென்றே ஒரு கவலை உண்டு. பெருநிலத்தில் போட்டி என்றால், விமானச் செலவு கட்டுப்படியாகாதபோது சென்னைக்கோ கொல்கத்தாவுக்கோ விசாகப்பட்டினத்துக்கோ கப்பலில் போக வேண்டும். சென்னைக்குச் சுமார் 1,200 கிலோமீட்டர். மூன்று நாள் வரை ஆகும். மூன்று நாள் ஓடாவிட்டால் கால் இறுகிப் போய்விடுமே என்று பயந்து, புறப்படும் நாள் காலை வரை முழு வேகத்தில் ஓடிவிட்டுக் கப்பல் ஏறத் தோன்றும்.

இந்தப் பயத்துக்கு மருந்து எமில் ஸாடோபெக்கின் கதையில் இருக்கிறது. 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் 5,000 மீட்டர், 10,000 மீட்டர், மாரத்தான் மூன்றிலும் தங்கம் வாங்கிய இந்தச் செக்கோஸ்லோவாக்கிய வீரர், கடும் பயிற்சிக்கே பெயர் போனவர். ஒரே நாளில் 400 மீட்டரை நாற்பது தடவைக்கு மேல் ஓடுவார். 1950 ஐரோப்பியப் போட்டிக்கு முன்பு கெட்டுப்போன உணவைச் சாப்பிட்டு இரண்டு வாரம் ஆஸ்பத்திரியில் படுத்துவிட்டார். போட்டிக்குச் சில நாட்களே இருக்கும்போதுதான் வெளியே வந்தார். பிரஸல்ஸில் 10,000 மீட்டரில் இரண்டாவதாக வந்தவரை ஏறக்குறைய ஒரு சுற்று பின்தள்ளினார். 5,000 மீட்டரையும் வென்றார். மாதக்கணக்கில் சேர்ந்திருந்த களைப்பை ஆஸ்பத்திரிக் கட்டில் துடைத்துவிட்டது. பெரிய போட்டிக்கு முன் பயிற்சியைக் குறைக்கும் வழக்கத்துக்கு இன்றும் பயிற்சியாளர்கள் இந்தக் கதையைச் சொல்கிறார்கள்.

மூன்று நாள் கடல் பயணத்தில் மூன்று மாதப் பயிற்சி கரைந்துவிடாது. கெடுப்பது வேறு: குமட்டலால் சாப்பிடாமல் இருப்பது, தண்ணீர் குடிக்காமல் இருப்பது, தூக்கம் கெடுவது. கப்பலில் கவனிக்க வேண்டியது இவற்றைத்தான். கரை இறங்கியதும் அரை மணி மெதுவோட்டம் போதும்.

ஒரிசா தந்த பாடம்

ஓய்வு மறுக்கப்பட்டால் என்ன ஆகும் என்பதற்கு இந்தியாவில் ஓர் உதாரணம் எல்லோர் கண் முன்னும் நடந்தது. 2006 மே 2-ஆம் தேதி, நான்கே வயதான புதியா சிங் பூரியிலிருந்து புவனேஸ்வருக்கு 65 கிலோமீட்டரை ஏழு மணி இரண்டு நிமிடத்தில் ஓடினான். மே மாத ஒரிசா வெயில். கூட்டம் கைதட்டியது, டெலிவிஷன் காமிராக்கள் துரத்தின. குறித்த தூரத்தை முடிக்கும் முன்பே சிறுவன் சோர்ந்து விழுந்தான். பிறகு பரிசோதித்த டாக்டர்கள் அவன் சத்துக்குறைவோடும் ரத்தசோகையோடும் இருப்பதாகவும் இதயம் அழுத்தத்தில் இருப்பதாகவும் சொன்னார்கள். தொலைதூர ஓட்டத்துக்கு மாநில அரசு தடை விதித்தது.

பயிற்சியாளர் பிராஞ்சி தாஸ் சிறுவனைச் சுரண்டினாரா, குடிசையிலிருந்து மீட்டு ஆளாக்கினாரா என்று நாடே இரண்டாகப் பிரிந்து வாதாடியது. இரண்டு பக்கமும் உண்மை கொஞ்சம் இருந்தது. வேறொரு தகராறில் தாஸ் 2008 ஏப்ரலில் சுட்டுக் கொல்லப்பட்டார். அரசு விளையாட்டு விடுதியில் வளர்ந்த புதியாவின் கதை 2016-இல் சினிமாவாக வந்தது. ஆனால் எல்லோரும் எதிர்பார்த்த ஒலிம்பிக் மாரத்தான் வீரர் வரவில்லை. நான்கு வயதில் அத்தனை தூரம் ஓட வைத்ததால்தான் வரவில்லை என்று யாராலும் நிரூபிக்க முடியாது. ஒன்று மட்டும் நிச்சயம். அந்த வயதில் ஓடிய கிலோமீட்டர்கள் பின்னாளில் ஒரு பதக்கத்தையும் வாங்கித் தரவில்லை.

புதியா விதிவிலக்கான சிறுவன். அன்றாடம் நடப்பது இத்தனை பரபரப்பு இல்லாதது. 10 முதல் 15 வயதுக்குள் முழங்கால் சிப்பிக்குக் கீழே புடைத்து வலிப்பது, எட்டு வயதிலிருந்தே குதிகாலில் வலி வருவது, கணைக்காலின் முன்பக்கம் தொட்டாலே கூசுவது. எலும்பு நீளும் வேகத்துக்குத் தசை ஈடுகொடுக்காத வயது இது. வளர்ச்சி நடக்கும் மென்மையான பகுதியைத் தசைநாண் இழுத்துக்கொண்டே இருப்பதால் வரும் வலி. சில வாரம் ஓட்டத்தைக் குறைத்தால் பெரும்பாலும் அடங்கிவிடும். வளர்கிற பிள்ளைக்கு வலி சகஜம் என்று தைலம் தேய்த்து ஓட விட்டால் மாதக்கணக்கில் படுத்தும்.

பெண் பிள்ளைகளிடம் இன்னொரு எச்சரிக்கை மணி அடிக்கும். ஓடும் அளவுக்குச் சாப்பாடு இல்லாதபோது மாதவிலக்கு தள்ளிப் போகிறது, சில சமயம் நின்றே விடுகிறது. தொல்லை விட்டது என்று சிறுமியும் பேசாமல் இருந்துவிடுகிறாள். ஆண் பயிற்சியாளரிடம் சொல்லவும் கூச்சம். ஆனால் அந்த மாதங்களில் எலும்பின் கெட்டித்தன்மையும் குறைகிறது. வாழ்நாள் முழுவதற்குமான எலும்பைச் சேமிக்கும் வயதில் நேரும் இழப்பு இது. இதைக் கேட்டறிய வீட்டில் அம்மாவோ பள்ளியில் ஓர் ஆசிரியையோ பொறுப்பேற்க வேண்டும்.

வாரத்துக்கு இரண்டே நாள்

அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் 2007-இல் தந்த ஆலோசனை எளிமையானது. வாரத்தில் ஒன்றிரண்டு நாள் விளையாட்டுப் பயிற்சியிலிருந்து முழு ஓய்வு. ஆண்டில் இரண்டு மூன்று மாதம் அந்தக் குறிப்பிட்ட விளையாட்டிலிருந்தே விடுமுறை. பயிற்சியின் அளவை வாரத்துக்குப் பத்து சதவீதத்துக்கு மேல் கூட்டாமல் இருப்பது. அடைமழை கொட்டும் மாதங்கள் வருடாந்திர விடுமுறையை அந்தமானுக்கு இயற்கையே எழுதிக் கொடுத்திருக்கிறது.

பதினான்கு வயதுப் பிள்ளைக்கு ஒரு வாரம் இப்படி அமையலாம். திங்களன்று 25 நிமிடம் மெதுவோட்டம். செவ்வாயன்று கடின நாள்: 200 மீட்டரை ஆறு அல்லது எட்டு முறை வேகமாக ஓடி, ஒவ்வொன்றுக்கும் பிறகு நடந்தே திரும்புவது. புதனன்று கால்பந்து, அல்லது முதலை எச்சரிக்கைப் பலகை இல்லாத இடத்தில் நீச்சல். வியாழனன்று ஓய்வு. வெள்ளியன்று மறுபடி கடின நாள்: மேட்டில் ஏறும் ஓட்டம், இறங்கும்போது நடை. சனியன்று மெதுவோட்டம். ஞாயிறன்று ஓட்டமே இல்லை. கடின நாள் இரண்டே இரண்டு. அந்த இரண்டும் உண்மையாகவே கடினமாக இருக்க வேண்டும். எளிய நாள் உண்மையாகவே எளிதாக இருந்தால்தான் அது சாத்தியம். தினமும் நடுத்தர வேகத்தில் ஓடுபவன் வேகத்தையும் பெறுவதில்லை, ஓய்வையும் பெறுவதில்லை.

எளிய ஓட்டத்தை அளக்கக் கைக்கடிகாரம் வேண்டாம். பக்கத்தில் ஓடும் தோழனோடு முழு வாக்கியத்தில் பேச முடிந்தால் அது எளிய ஓட்டம். ஒற்றைச் சொல்லில் பதில் வந்தால் வேகம் அதிகம். புழுக்கமான நாளில் இந்த அளவுகோல் தானாகவே வேகத்தைக் குறைத்துவிடும். காலையில் கண் விழித்ததும் படுக்கையிலேயே ஒரு நிமிடம் நாடித்துடிப்பை எண்ணி நோட்டில் குறித்து வைப்பது இன்னொரு வழி. வழக்கத்தைவிட ஏழெட்டுத் துடிப்பு கூடியிருந்தால் முந்தைய உழைப்பிலிருந்து உடம்பு இன்னும் தேறவில்லை, அல்லது காய்ச்சல் வரப் பார்க்கிறது. அன்றைக்குக் கடின ஓட்டத்தைத் தள்ளிப்போடலாம். தூக்கம் வராமை, காரணமில்லாத எரிச்சல், பசியின்மை, பிடித்த விளையாட்டே கசப்பது ஆகியவையும் அதே செய்தியைத்தான் சொல்கின்றன.

இந்தச் செய்திக்குக் காது கொடுக்காதவர்களைக் குறுக்கு வழி கூப்பிடுகிறது. ஊக்கமருந்துகளில் ஸ்டீராய்டு வகைக்கு இத்தனை கிராக்கி இருப்பதற்கு ஒரு காரணம், கடும் பயிற்சிக்குப் பிறகு உடம்பைச் சீக்கிரம் தேற்றி மறுநாளே மீண்டும் ஓட வைப்பதுதான். ஓய்வு இலவசமாகச் செய்யும் வேலையை ஊசி மூலம் செய்வது. பிடிபட்டால் தடை, பிடிபடாவிட்டால் ஈரலுக்கும் இதயத்துக்கும் கேடு. தேசிய அளவில் பள்ளி வயதினரும் இதில் சிக்கியிருக்கிறார்கள்.

பயிற்சியாளர்களின் சங்கடமும் புரிந்துகொள்ளத் தக்கதுதான். இந்த ஆண்டு பதக்கம் வராவிட்டால் அடுத்த ஆண்டு நிதி கேட்க முடியாது. பிள்ளையின் உச்ச வயதோ இன்னும் பத்து வருடம் தள்ளி இருக்கிறது. அப்போது அவன் வேறொருவரின் மாணவன். இன்றைய பதக்கத்துக்காக நாளைய வீரனைச் செலவழிக்காமல் இருக்க ஒரு ஆசிரியருக்குத் துணிச்சல் வேண்டும். அதைவிட, ஓட்டமில்லாத ஞாயிற்றுக்கிழமையில் பிள்ளை ஏழு மணி வரை தூங்குவதைப் பார்த்துக்கொண்டு பேசாமல் இருக்கப் பெற்றோருக்குத் துணிச்சல் வேண்டும்.

அந்தமானில் அதற்குள் சூரியன் உச்சியை நோக்கி ஏறத் தொடங்கியிருக்கும். தூங்கும் பிள்ளையின் கால்களில் செவ்வாய்க்கிழமைக்கான வேலை நடந்துகொண்டிருக்கும்.